விழாத குண்டின் எடை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்குக் காலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். கீழேயுள்ள சமவெளியிலிருந்து உச்சி ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். அங்கே நின்று சுற்றிப் பார்க்கிறவருக்கு, இந்த இடத்தை ஏன் கோட்டைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பூமி உருண்டையாக இருப்பதால் நம் பார்வை ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்று கிடைக்கும். ராஜகிரிக்கு அது 55 கிலோமீட்டர். பீரங்கியும் மாட்டுவண்டியுமாக வரும் ஒரு பெரும்படை ஒரு நாளில் 20 கிலோமீட்டர் நகர்ந்தாலே அதிகம். ஆக, உச்சிக் காவலன் புழுதியைக் கண்ட பிறகு கதவடைக்கவும், நெல்லை உள்ளே ஏற்றவும், ஆடுமாடுகளை ஓட்டிவரவும் இரண்டரை நாளுக்கு மேல் இருந்தது. கோட்டை கட்டியவர்கள் கல்லைச் செலவழித்து வாங்கியது நேரத்தை. 1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் முற்றுகையிட்டான். கோட்டை அவன் கைக்கு வந்தது 1698-இல்.

அதே உச்சியில், மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் தாழப் பறந்து வரும் விமானத்தைக் கண்டால்? எட்டு நிமிடம்.

இரண்டரை நாள் எட்டு நிமிடமாகச் சுருங்கியதுதான் வான்தாக்குதல் மனிதர்களுக்குச் செய்த முதல் காரியம். இடிந்த கட்டடங்களை எண்ணிவிடலாம். சுருங்கிப்போன நேரம் மனத்துக்குள் என்ன செய்தது என்பதை எண்ணுவது கடினம். போர் நடத்தியவர்கள் அதற்கு ‘மனவுறுதி’ என்று பெயர் வைத்து, குண்டின் எடையைப்போல அதையும் டன்னில் கணக்கிட்டுவிடலாம் என்று நம்பினார்கள். அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பதை நம் பக்கத்து ஊர்களிலிருந்தே பார்க்கலாம்.

ராஜகிரியிலிருந்து வடமேற்கே, மேல்மலையனூரையும் தாண்டினால் அவலூர்பேட்டை. புதன்கிழமை தோறும் சந்தை கூடும் ஊர். ஆடும் மாடும் கைமாறும். கூடவே அக்கம்பக்கத்துச் செய்தி எல்லாம் கைமாறும். பேட்டை என்றாலே வணிகம் நடக்கும் இடம் என்றுதான் பொருள். கடல் இங்கிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

1942 ஏப்ரல் 8 ஒரு புதன்கிழமை. அன்றும் இங்கே சந்தை கூடியது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு முன் கொழும்பில் குண்டு விழுந்திருந்தது. இரண்டு நாளுக்கு முன் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்திருந்தது. மறுநாள் காலை திருகோணமலையில் விழப்போகிறது. மாட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டே ஒருவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறார்: “மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டானாமே, நெசமா?”

இல்லை என்பதே அன்றைக்கு அதற்கு உண்மையான பதில். சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனாலும் சென்னை காலியாகிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் கடலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியக் கப்பற்படைப் பிரிவு, அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்திருந்தது. ஏப்ரல் 4 சனிக்கிழமை மாலை, காலிக்கு அருகே கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய ‘காட்டலினா’ நீர்விமானம் ஒன்று ரோந்தை முடித்துத் திரும்பும் நேரம். கனடாவைச் சேர்ந்த லியோனார்ட் பர்ச்சால் அதை ஓட்டினார். தெற்கு அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம் என்று அவர் எடுத்த முடிவுதான் கொழும்பைக் காப்பாற்றியது. விமானம் சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தி கம்பியில்லாத் தந்தியில் போய்விட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டார்கள். பர்ச்சால் போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார்.

அந்த எச்சரிக்கையால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல இரவோடிரவாகக் கலைந்து போயின. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணியளவில், மிட்சுவோ புச்சிடாவின் தலைமையில் 120-க்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. ரேடார் நிலையம் அமைத்திருந்தும் அதிலிருந்து முன்னறிவிப்பு வரவில்லை. குதிரைப் பந்தயத் திடலில் புதிதாக ஓடுபாதை போட்டு நிறுத்தியிருந்த ‘ஹரிக்கேன்’ விமானங்களைப் பற்றி ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கொடை மனநல மருத்துவமனையின் மேலும் குண்டு விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அதே நாள் பிற்பகலில் நடுக்கடலில் ‘டார்செட்ஷயர்’, ‘கார்ன்வால்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. விசாகப்பட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் வந்தவை ‘ரியூஜோ’ என்ற வேறொரு கப்பலின் சில விமானங்கள் மட்டுமே. அந்தக் கப்பல் இருந்த அணி அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தது.

சென்னைக்கு இதில் எதுவும் வரவில்லை. கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தவறான தகவல் மட்டும்தான் வந்தது.

அது போதுமானதாக இருந்தது. அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டு வெளியேறலாம் என்று அரசே சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருந்த உயிரியல் பூங்காவில் சிங்கத்தையும் புலியையும் சுட்டுக் கொன்றார்கள். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலுக்கு முண்டியடித்தார்கள். வண்டி கிடைத்தவர்கள் வண்டியிலும் கிடைக்காதவர்கள் நடந்துமாகப் போனார்கள். சென்னையில் வேர்விட்ட குடும்பங்களில் வயதானவர்கள் ‘எவாக்குவேஷன் சமயத்துல’ என்று தொடங்கினால் அது இந்த நாட்களைப் பற்றிய பேச்சுத்தான். வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களின் கதைகள் இன்றைக்கும் உண்டு.

மனவுறுதிக்கு வெப்பமானி கிடையாது. ஆனால் மக்கள் கையால் செய்யும் சில காரியங்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1942-இல் அஞ்சலகச் சேமிப்பில் போட்ட பணத்தை நாடெங்கும் திரும்ப எடுத்தார்கள். காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி நாணயத்தை வாங்கிப் புதைத்தார்கள். காகித ரூபாய் என்பது அரசின் வாக்குறுதி. வெள்ளி என்பது வெள்ளி. அரசு நாளைக்கும் இருக்கும் என்று நினைப்பவர் நோட்டை வைத்திருப்பார். அந்த நினைப்பு எவ்வளவு குறைந்தது என்பதை அஞ்சலகக் கணக்கேடு பதிவு செய்து வைத்திருக்கிறது.

பயந்து ஓடினார்கள் என்று இதை ஒரு வரியில் எழுதி முடித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடியவர்களிடம் காரணம் இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அது என்னவென்றே பலருக்குத் தெரியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் இறந்தார்கள். ரங்கூன் மக்களில் பாதிப்பேர் இந்தியர்கள், தமிழர்கள் ஏராளம். அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் திரும்பினார்கள், வழியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பறிகொடுத்துவிட்டு. அப்படி வந்தவர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கித் தங்கள் ஊர்களுக்குப் போனார்கள். வீழாது என்று சொல்லப்பட்ட சிங்கப்பூர் பிப்ரவரி 15-இல் வீழ்ந்தது. மார்ச் 8-இல் ரங்கூன். மார்ச் 23-இல் அந்தமான். அரசு வானொலி சொன்னதையும் ரங்கூனிலிருந்து திரும்பிய சொந்தக்காரர் சொன்னதையும் ஒருவர் எடைபோட்டுப் பார்த்தால், சொந்தக்காரர் பக்கம் தட்டுத் தாழ்வதில் பிழை என்ன இருக்கிறது?

வதந்தி இங்கே நுழைகிறது. அதைப் பற்றிய அறிவியல் தொடங்கிய இடங்களில் நம் நாடும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். அதன் பிறகு உலாவிய வதந்திகளைப் பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜமுனா பிரசாத் சேகரித்து, 1935-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். அவர் கண்டது வியப்பானது. நிலம் ஆடியது தெரிந்தும் பெரிய சேதம் இல்லாத இடங்களில் எழுந்த வதந்திகள் ஆறுதல் சொல்லவில்லை. இன்னும் பெரிய ஆபத்து வருகிறது, வெள்ளம் வருகிறது, இன்ன நாளில் பிரளயம் என்றே அவை பேசின. மனிதர்கள் தங்களைத் தாங்களே ஏன் பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்தக் கேள்வியில் நெடுநாள் தங்கினார். அவர் கண்ட விடை இது: உடம்பு நடுங்குகிறது, ஆனால் கண்முன் நடுங்குவதற்கான காரணம் இல்லை. அந்த முரண் மனத்துக்குத் தாங்காது. ஆகவே பயத்துக்குப் பொருத்தமான காரணத்தை மனம் தேடிப் பிடிக்கிறது. 1957-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு விதைகளில் ஒன்று பிரசாத் பீகாரில் திரட்டிய அந்தச் செய்திகள்.

1942 சென்னையை இந்த விளக்கத்தின் வழியே பார்த்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றி இருட்டடிப்பு, கடற்கரையில் பதுங்கு குழி, ஏ.ஆர்.பி. எனப்பட்ட வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைத் தொண்டர்களின் விசில், அபாயச் சங்கு. நடுங்குவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் கண்முன் இருக்கின்றன, குண்டு மட்டும் இல்லை. இல்லாத குண்டை வதந்தி கொண்டுவந்து போட்டது.

கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1947-இல் இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார்கள். வதந்தியின் வலிமை, விஷயத்தின் முக்கியத்துவத்தையும் அதன் தெளிவின்மையையும் பெருக்கினால் வருவது. கூட்டினால் என்று அவர்கள் சொல்லவில்லை, பெருக்கினால் என்றார்கள். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. நகுமோவின் கப்பல் எங்கே இருக்கிறது என்ற விஷயத்தின் முக்கியத்துவத்தை எந்த அரசாலும் குறைக்க முடியாது. தெளிவின்மையை மட்டுமே குறைக்க முடியும். அதற்கு ஒரே வழி, தெரிந்ததைச் சொல்வது. தணிக்கை செய்கிறவர் இந்தப் பெருக்கலில் தெளிவின்மையைக் கூட்டிக்கொண்டே போகிறார்.

அவர்கள் செய்த சோதனையும் எளியது. ஒரு படத்தைப் பார்த்தவர் அடுத்தவரிடம் விவரிக்க வேண்டும், அவர் இன்னொருவரிடம், அப்படியே. ஐந்தாறு வாய் மாறுவதற்குள் விவரங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் உதிர்ந்துவிட்டது. எஞ்சிய கொஞ்சம் கூர்மையாகி நின்றது.

தமிழ் பேசுகிறவர்கள் இங்கே ஒரு கணம் நின்று கவனிக்க வேண்டும். அவலூர்பேட்டைச் சந்தையில் நான் நிறுத்திவைத்த அந்த மனிதர் ‘குண்டு போட்டுட்டான்’ என்று சொல்லவில்லை. ‘போட்டுட்டானாம்’ என்றார். அந்த ‘ஆம்’ ஒரு சிறிய இலக்கண அற்புதம். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், இதற்கு நான் பொறுப்பில்லை என்ற மூன்று செய்திகளை ஓர் அசை சுமக்கிறது. துருக்கி மொழியில் இதற்கு வினை விகுதி உண்டு. சிங்களத்தில் ‘லு’ என்று ஓர் ஒட்டு உண்டு; அந்த ஏப்ரலில் கொழும்பு முழுக்க ‘லு’ ஒலித்திருக்கும். இந்த வசதி இல்லாத மொழிகளில் ‘சொல்கிறார்கள்’ என்று தனிச்சொல் போட்டாக வேண்டும்.

ஆல்போர்ட்டின் சோதனையில் உதிர்ந்த எழுபது சதவீதத்தை நினைத்துப் பாருங்கள். வாய் மாறும்போது முதலில் உதிரக்கூடியது இந்த ‘ஆம்’ ஆகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். போட்டுட்டானாம், போட்டுட்டானாம், போட்டுட்டான். ‘ஆம்’ விழுந்த இடத்தில்தான் வதந்தி செய்தியாகிறது. நம் மொழி கொடுத்த அந்தப் பூட்டை நாமே கழற்றுகிறோம்.

சென்னைக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’ வந்து துறைமுகத்தின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அரை மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது. ஆனால் நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. ‘அவன் எம்டன்’ என்றால் கிராமத்திலும் புரியும். சுட்டதை இரும்பின் எடையில் அளந்தால் அந்தச் சொல் பிறந்திருக்கவே கூடாது.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். போருக்கு முன் பிரிட்டிஷ் திட்டக்காரர்கள் லண்டனில் குண்டு விழுந்தால் உடல் காயத்தைவிட மனம் பேதலித்தவர்கள்தான் அதிகம் வருவார்கள் என்று கணக்கிட்டு, மனநல மருத்துவமனைகளைத் தயார் செய்துவைத்தார்கள். 1940 செப்டம்பர் 7-இல் தொடங்கி 57 இரவுகள் தொடர்ந்து லண்டனில் குண்டு விழுந்தது. தயார் செய்த படுக்கைகளுக்கு எதிர்பார்த்த ஆட்கள் வரவில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளநோய் மருத்துவர் ஜே.டி. மக்கர்டி 1943-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். குண்டு விழும் ஊரில் இறந்தவர்களைத் தவிர்த்து இரண்டு வகையினர் இருக்கிறார்கள். முதல் வகையினர் குண்டின் மூச்சு முகத்தில் பட, பக்கத்தில் இருந்தவர் சாகப் பார்த்துப் பிழைத்தவர்கள். இவர்கள் நொறுங்கிப்போகலாம். மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, மறுநாள் காலை உயிரோடு எழுந்து காப்பி குடித்தவர்கள். இவர்களிடம் பயம் குறைந்து ஒருவகைத் துணிவு பிறக்கிறது. எந்த ஊரிலும் இரண்டாம் வகையினரே மிகப் பலர். ஆகவே தாக்குதலுக்குப் பிறகு ஊரின் சராசரித் துணிவு கூடக்கூடும்.

இந்த விளக்கத்தை அப்படியே நம் பக்கம் பொருத்திவிட முடியாது. கொழும்பில் குண்டு விழுந்தது, அங்கேயும் மக்கள் வெளியேறினார்கள். விசாகப்பட்டினமும் காலியானது. லண்டன்காரருக்கு இருந்து கொழும்புக்காரருக்கு இல்லாமற்போனது என்ன? இதை இனத்தின் குணம் என்று விளக்கிய வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்தார்கள். அது பொய். லண்டன்காரரின் கையில் ஒரு வேலை இருந்தது: தீயணைக்கும் குழு, காவல் முறை, சுரங்க ரயில் நிலையத்தில் இடம். தன் அரசு தன்னோடு அந்த ஊரிலேயே இருக்கும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. சென்னைவாசியோ தன் நகரத்தின் உயர்நீதிமன்றமே கோயம்புத்தூருக்கு ரயிலேறுவதைப் பார்த்தார். இந்தப் போரில் இந்தியாவை ஈடுபடுத்தும்போது அவரை யாரும் கேட்கவும் இல்லை. பிரிட்டன் அனுப்பிய கிரிப்ஸ் தூதுக்குழு இந்தியத் தலைவர்களோடு தில்லியில் பேசிக்கொண்டிருந்ததும், பேச்சு முறிந்ததும் அதே ஏப்ரலில்தான். ஏப்ரல் 23-இல் ராஜாஜியின் தலைமையில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடி, ஜப்பானியப் படையெடுப்பு அபாயத்தின் முன் தேசிய அரசு அமைந்தாக வேண்டும், அதற்காக முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையையும் ஏற்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கட்சிக்குள் அது பெரும் புயலாகி, ஜூலையில் ராஜாஜி காங்கிரஸை விட்டே விலகினார். சென்னையில் விழாத குண்டு இவ்வளவு தூரம் பாய்ந்தது.

தெரியாத மனிதனிடம் துணிவை எதிர்பார்ப்பது அநியாயம். தெரிந்துகொள்ளவும் ஏதாவது செய்யவும் வழியுள்ளவனிடம் அது தானாக வரும். இந்த அத்தியாயத்தில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

அதே ஏப்ரல் 18, சனிக்கிழமை. இப்போது குண்டு போடப்படுவது டோக்கியோவில்.

நான்கு மாதமாகத் தோல்விச் செய்தியே கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்கா, ஜப்பானைத் தொட்டுவிட்டோம் என்று தன் மக்களுக்குக் காட்ட விரும்பியது. தரையிலிருந்து பறக்கும் பி-25 ரகக் குண்டுவீச்சு விமானங்களைக் கப்பலிலிருந்து கிளப்புவது என்பது திட்டம். ஜேம்ஸ் டூலிட்டில் ஓட்டிய முதல் விமானத்தின் முன் இருந்த தளத்தின் நீளம் 467 அடி, அதாவது 142 மீட்டர். வழக்கமாக அதற்கு வேண்டியது இதைப்போல பல மடங்கு. எப்படிக் கிளம்பியது?

பட்டம் விட்டவர்களுக்கு விடை தெரியும். காற்றில்லாத நாளில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். நல்ல எதிர்க்காற்று வீசினால் நின்ற இடத்திலேயே பட்டம் எழும்பும். இறக்கைக்குத் தரை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தெரியாது, தன்மேல் எவ்வளவு வேகமாகக் காற்று பாய்கிறது என்று மட்டுமே தெரியும். தூக்குவிசை அந்தக் காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ‘ஹார்னெட்’ கப்பல் முழு வேகத்தில் புயற்காற்றை எதிர்த்து ஓடியபோது, நின்றுகொண்டிருந்த விமானத்தின் இறக்கையின் மேலேயே மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் காற்று பாய்ந்துகொண்டிருந்தது. கிளம்பத் தேவையான வேகத்தில் பெரும்பங்கைக் கப்பலும் காற்றும் கொடுத்துவிட்டன. மிச்சத்தை மட்டும் என்ஜின் ஈட்டினால் போதும். கூடுதல் பெட்ரோல் தொட்டிகளுக்கு இடம் விட அடிப்பகுதித் துப்பாக்கி மேடையைக் கழற்றினார்கள். வால்பகுதியில் துப்பாக்கி இருப்பதாகத் தோன்றக் கறுப்புச் சாயமடித்த விளக்குமாற்றுக் கம்புகளைப் பொருத்தினார்கள்.

காவல் படகு ஒன்று கப்பலைக் கண்டுவிட்டதால், திட்டமிட்டதற்குப் பத்து மணி நேரம் முன்பே, 300 கிலோமீட்டர் கூடுதல் தொலைவிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. ஜப்பான் அங்கிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மீண்டும் இறங்க முடியாது. குண்டு போட்டுவிட்டுச் சீனாவுக்குப் போய்ச் சேர வேண்டும். தெரிந்தே 80 பேர் ஏறினார்கள். 16 விமானங்களில் ஒன்று சோவியத் நாட்டில் இறங்கியது. மற்ற பதினைந்தும் சீனப் பகுதியில் எரிபொருள் தீர்ந்து விழுந்து நொறுங்கின. பிடிபட்ட எட்டுப் பேரில் மூவரை ஜப்பான் சுட்டுக் கொன்றது. ஒருவர் சிறையில் இறந்தார்.

போட்ட குண்டு மொத்தம் ஏறத்தாழ பதினாலரை டன். இறந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். தொழிற்சாலைகளுக்கு நேர்ந்த சேதம் சில நாளில் சரிசெய்யக்கூடியது. எல்லா விமானங்களையும் தொலைத்துவிட்டோம், இராணுவ விசாரணைதான் காத்திருக்கிறது என்று எண்ணியிருந்த டூலிட்டிலுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அவருடைய மக்களுக்கு அந்தச் செய்தி மழைபோல வந்தது.

அதைவிடப் பெரிய விளைவு ஜப்பானியத் தளபதிகளின் மனத்தில் நேர்ந்தது என்று நினைக்கிறேன். பசிபிக் நடுவில் மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை அட்மிரல் யாமாமோட்டோ ஏற்கெனவே முன்வைத்திருந்தார். கடற்படைத் தலைமையகம் அதற்கு அரைமனதோடு இசைந்தது ஏப்ரல் 5-இல், கொழும்பில் குண்டு விழுந்த அதே நாள். பேரரசரின் தலைநகரத்தின் மேல் எதிரி பறந்துவிட்டான் என்ற அவமானம் எஞ்சியிருந்த எதிர்ப்புக் குரல்களை அடக்கியது. ஜூன் முதல் வாரத்தில் மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் கொழும்பு வானத்துக்கு விமானங்களை அனுப்பிய ஐந்தைச் சேர்ந்தவை. அவசரப்படுத்துவதும் ஓடவைப்பதும் ஒரே பயந்தான். ஓடியவர்களைப் பழித்த சரித்திரம் அவசரப்பட்ட அட்மிரல்களைக் கோழை என்று எழுதவில்லை.

இந்த வீரக் கதையின் விலையையும் சொல்லியாக வேண்டும். தப்பி விழுந்த விமானிகளைச் சீனக் கிராமத்து மக்கள் தூக்கிக் காப்பாற்றி ஒளித்துவைத்தார்கள். அதற்குப் பழிவாங்கவும், அங்கிருந்த விமானத் தளங்களை அழிக்கவும் ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்சி மாகாணங்களுக்குள் புகுந்தது. இரண்டரை லட்சம் சீனர்கள் கொல்லப்பட்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். டோக்கியோவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஐயாயிரம் பேர். அவர்கள் யாருடைய மனவுறுதிக் கணக்கிலும் இல்லை. ‘துணிகரத் தாக்குதல்’ என்று எழுதும்போதெல்லாம் இந்த எண்ணையும் அதன் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இராணுவக் கணக்கில் சிறியது மக்கள் மனத்தில் மலையாக நிற்பதைச் செஞ்சிக்காரர்கள் டூலிட்டிலிடம் கற்க வேண்டியதில்லை. 1714-இல் செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் சில நூறு குதிரைவீரர்களோடு ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துப் போய், ஒரே நாளில் விழுந்தான். கோட்டை போயிற்று, ஆட்சி போயிற்று. ஆனால் அவன் கதை பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்றது. தெருக்கூத்தாக விடிய விடிய ஆடப்பட்டது. அவன் நண்பன் மகமத்கானுக்கும் அவன் குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதி காட்டுகிறார்கள். எட்டு ஆண்டு முற்றுகையிட்டு வென்ற சுல்பிகர்கானைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு தாலாட்டும் நான் கேட்டதில்லை.

கதை மனத்தைத் தாங்குகிறது, வதந்தி மனத்தைக் குலைக்கிறது. இரண்டும் வாய் மாறித்தான் வருகின்றன, இரண்டிலும் விவரம் உதிர்கிறது. கதையில் உதிர்ந்த பிறகு எஞ்சுவது ஒரு மனிதன் என்ன செய்தான் என்பது. வதந்தியில் எஞ்சுவது நமக்கு என்ன நேரப்போகிறது என்பது. முன்னதைக் கேட்டவருக்குக் கை எழுகிறது, பின்னதைக் கேட்டவருக்குக் கால் எழுகிறது.

பிரசாத் பீகாரில் செய்ததை நம் ஊர்களில் இப்போதும் ஓரளவு செய்யலாம். 1942-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்கும். சென்னையிலிருந்து யார் வந்து தங்கினார்கள், எந்த வழியாக வந்தார்கள், குண்டைப் பற்றி யார் முதலில் சொன்னார்கள், என்ன சொல்லால் சொன்னார்கள், அதைக் கேட்டு வீட்டில் என்ன செய்தார்கள் என்று அவரிடம் கேட்டு, அவர் வாய்ச்சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆம்’ போட்டுச் சொன்னாரா, போடாமல் சொன்னாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வயதுக்காரர் ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் அவரிடம் போங்கள்.